முதலில் உள்ளடக்கம், பிறகு வண்ணம்: அகப்பக்க வடிவமைப்பு பற்றி வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தொட்டன. அகப்பக்கம் செய்யத் தொடங்குகிறார்கள், பாதியில் நிற்கிறது. அல்லது முடிந்தும் யாருக்கும் பயன்படுவதில்லை. வடிவமைப்பாளரின் கைத்திறனைக் குறை சொல்லிவிடுவது எளிது. பல வேளைகளில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: எந்த முடிவை எதற்குப் பிறகு எடுப்பது என்று யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை. பெயர்களை நீக்கிக் கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறேன். அகப்பக்கம் செய்துதர ஒப்புக்கொண்ட தம்பி மூன்று வாரமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறாரே தவிர, ஒரு மாதிரிகூடக் காட்டவில்லை. கோலாலம்பூரில் உள்ள ஒரு கடையின் பக்கத்தைக் காட்டி ‘இதைப்போல் செய்யுங்கள்’ என்றேன், அதற்கும் தயங்குகிறார். மூன்று மாதிரி காட்டச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதானே வழக்கம்?
– பலகார வியாபாரி

அம்மா, அவர் கேள்வி கேட்பது சரி. மூன்று வாரம் இழுப்பது சரியில்லை. இருவரும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் முடிகிற கேள்விகள் அவை. பேசியதை அவர் ஒரே தாளில் எழுதித் தரவேண்டும். நீங்கள் படித்துத் திருத்தி ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை தொடங்கவேண்டும்.

கோலாலம்பூர்க் கடை ஆண்டு முழுவதும் விற்கலாம், நாடெங்கும் அஞ்சலில் அனுப்பலாம். உங்கள் வியாபாரமோ தீபாவளிக்கு முந்திய சில வாரங்களில் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு இத்தனை போத்தல் முறுக்குதான் சுடமுடியும் என்ற வரம்பும் உண்டு. அந்தப் பக்கத்தின் தோற்றத்தை எடுத்தால், அந்தக் கடைக்காரர் தம் வியாபாரத்துக்கு எடுத்த முடிவுகளும் சேர்ந்தே வந்துவிடும். உங்களுக்குத் தேவையில்லாத தேடல் பெட்டி, உறுப்பினர் கணக்கு, பொருள்கூடை எல்லாம் வந்து நிற்கும். உங்களுக்குத் தேவையான ‘ஆர்டர் எடுக்கும் கடைசி நாள்’ இருக்காது.

போன தீபாவளிக்கு உங்கள் வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைத் திறந்து, முதல் 30 பேர் கேட்டதை ஒரு தாளில் வகைப்படுத்துங்கள். விலை என்ன, ஒரு போத்தலில் எத்தனை இருக்கும், நெய்யா எண்ணெயா, இன்னும் ஆர்டர் எடுக்கிறீர்களா, எங்கே வந்து எடுப்பது என்று நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். அதிகம் பேர் கேட்ட இரண்டு கேள்விக்கான பதில், பக்கத்தைத் திறந்ததும் விரலால் தள்ளாமலே கண்ணில் படவேண்டும். இந்தத் தாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டால் அவருடைய பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, எல்லாரும் மறந்துவிடுகிற சங்கதிகள். அதிரசம் தீர்ந்துவிட்டால் பக்கத்தில் என்ன தெரியும்? கடைசி நாள் தாண்டியபின் ஆர்டர் படிவம் திறந்தே இருக்குமா? டூயிட்நவ் கியூஆரில் பணம் செலுத்தியவர் ரசீதை எங்கே அனுப்புவது? ஒருவர் ஐந்து போத்தல் சொல்லிவிட்டு மறுநாள் மூன்றாகக் குறைத்தால்? இவற்றைத் தாளில் முடிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். பக்கம் கட்டி முடித்தபின் செய்தால் படிவத்தையே மாற்றவேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கை முழுக்க மாவோடு நீங்கள் நிற்கையில்தான் இந்தக் குறைகள் வெளிவரும்.

சட்டம் கேட்பதையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழுள்ள மின்வணிக விதிமுறைகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் வியாபாரப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரங்கள், பொருளின் தன்மை, போக்குவரத்துச் செலவு சேர்ந்த முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் கைக்கு வந்துசேரும் உத்தேச நாள் ஆகியவற்றைக் காட்டவேண்டும். படிவத்தில் பெயரும் முகவரியும் வாங்கினால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கேட்கும் அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் வைக்கவேண்டும். தமிழில் கூடுதலாக வைப்பது உங்கள் வாடிக்கையாளருக்கு மரியாதை.

மூன்று மாதிரி கேட்பதில் ஒரு நட்டம் இருக்கிறது. கேள்விக்கு விடை தெரியாமல் வரைந்த மூன்றுமே ஊகம்தான். நீங்கள் நிறத்தைப் பார்த்து ஒன்றை எடுப்பீர்கள், தள்ளிவிட்ட இரண்டுக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பீர்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு கோட்டு வரைவைக் கேளுங்கள். வண்ணம் இல்லாமல், படம் இருக்குமிடத்தில் வெறும் கட்டம் போட்டு, கைப்பேசித் திரை அளவில் பென்சிலால் வரைந்திருந்தாலே போதும். அதில் உங்கள் விலைப்பட்டியலும் கடைசி நாளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வண்ணப் பேச்சு அதற்குப் பிறகு.

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். ஆர்டர் ஆறு வாரத்துக்கு முன்பே திறக்கவேண்டும், வேலைக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். பின்னிருந்து எண்ணிப் பாருங்கள், ஜூலை மாதத்திலேயே முதல் பேச்சு முடிந்திருக்கவேண்டும்.

எங்கள் ஆலய நிர்வாகக் குழுவில் 11 பேர். முகப்புப் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் விவாதம். தலைவர் படம், வரலாறு, உபயகாரர் பட்டியல், திருப்பணி நிதி, சுழலும் படவரிசை எல்லாமே வேண்டுமாம். எப்படி முடிவுக்கு வருவது?
– ஆலயச் செயலாளர்

ஐயா, கூட்டத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள், அது இயல்பு. வெளியிலிருந்து ஆதாரம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் விவாதம் தானாகச் சுருங்கும்.

ஆலய அலுவலகத் தொலைபேசி அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இரண்டு வாரம் வந்த அழைப்புகளில் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். குருக்களிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும், அவரிடம் நேரில் கேட்பவை வேறாக இருக்கும். நடை திறக்கும் நேரம், அடுத்த விசேஷம், மண்டபம் காலியா, திருமணப் பதிவுக்கு என்ன பத்திரம் வேண்டும், வழி எப்படி – பெரும்பாலும் இவைதான் மேலே நிற்கும். முகப்புப் பக்கம் இவற்றுக்கு உரியது.

அடுத்தது அட்டை அடுக்குதல். பக்கத்தில் வரவேண்டிய 25, 30 விஷயங்களை அட்டைக்கொன்றாகச் சிறு அட்டைகளில் எழுதுங்கள். குழுவில் இல்லாத ஐந்தாறு பக்தர்களைத் தனித்தனியே அழைத்து, ‘எது எதோடு சேரும்? அந்தக் குவியலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். வயதில் பெரியவர் ஒருவரும் பள்ளி மாணவர் ஒருவரும் இதில் இருக்கவேண்டும். அவர்கள் வைத்த குவியல்தான் உங்கள் மெனு. ‘திருப்பணி’ என்ற தலைப்பின்கீழ் நன்கொடையைத் தேடுகிறார்களா, ‘காணிக்கை’யின்கீழா என்பது இதில் தெரிந்துவிடும். தலைவர் படம் ‘நிர்வாகம்’ என்ற பக்கத்துக்குப் போய்ச் சேரும், அங்கே அது பொருத்தமாகவும் இருக்கும்.

சுழலும் படவரிசையை விட்டுவிடுங்கள். அது பயனுக்காக வைப்பதல்ல; 11 பேரையும் திருப்திப்படுத்த வைப்பது. இரண்டாம் படம் வருமுன் பெரும்பாலோர் கீழே நகர்ந்துவிடுவார்கள்.

கூட்டக் குறிப்பில் இரண்டு தீர்மானம் பதிவாகவேண்டும். ஒன்று, அகப்பக்க விஷயத்தில் இறுதி முடிவு சொல்ல ஒரே ஒருவர். மற்றவர்களின் கருத்துகள் அனைத்தும் ஏழு நாளுக்குள் அவரிடம் வந்து, அவர் ஒரே பட்டியலாக வடிவமைப்பாளருக்கு அனுப்பவேண்டும். 11 பேரும் தனித்தனியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முரணான இரண்டு கட்டளையில் எதைச் செய்வது என்று வடிவமைப்பாளர் தாமே முடிவெடுக்க நேரும். இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்தையும் புதுப்பிப்பவர் யார் என்பது. ‘செய்திகள்’ பக்கத்துக்கு ஆள் கிடைக்கவில்லையா, அந்தப் பக்கமே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முந்திய தைப்பூச அறிவிப்பு முகப்பில் தொங்கினால், நடை திறக்கும் நேரமும் பழையதோ என்று பக்தருக்குச் சந்தேகம் வரும். பிறகு தொலைபேசியில்தான் கேட்பார்.

வரைபடக் குறியையும் ஒருவர் நேரில் வாகனமோட்டிச் சரிபார்க்கவேண்டும். தோட்டப் பாதைகளில் குறி சற்றுத் தள்ளி விழுந்தாலும் வேஸ் செயலி பூட்டிய கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். ‘நெடுஞ்சாலையிலிருந்து இந்தப் பெயர்ப்பலகையில் திரும்பவும்’ என்று இரண்டு வரி எழுத்திலும் வையுங்கள்.

வடிவமைப்பு படித்து முடித்து ஓராண்டாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் எழுத்து தருவதே இல்லை. போலி ஆங்கில எழுத்தை வைத்து வடிவமைத்துவிடுகிறேன். கடைசியில் தமிழ் எழுத்து வந்து விழுந்ததும் எல்லாம் குலைந்துபோகிறது.
– இளம் வடிவமைப்பாளர்

தம்பி, குலைவதற்குக் காரணம் தமிழ் அல்ல, தமிழ் கடைசியில் வந்ததுதான். போலி எழுத்து எப்போதும் கட்டத்துக்குச் சரியாக இருக்கும், ஏனென்றால் கட்டத்தைப் பார்த்து நீங்களே வெட்டி ஒட்டியது அது.

எழுத்தை ‘அனுப்புங்கள்’ என்று கேட்டால் வராது. கடைக்காரருக்கு எழுதுவது தொழில் அல்ல. ஒரு அட்டவணை போடுங்கள்: பக்கத்தின் பெயர், அதைப் படிப்பவர் எதற்காக வருகிறார், அதிகபட்சம் எத்தனை சொல், எத்தனை படம், யார் தருவது, எந்தத் தேதிக்குள். பிறகு வாடிக்கையாளரை 40 நிமிடம் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவுசெய்து, நீங்களே எழுதிக் காட்டுங்கள். வெற்றுத் தாளில் எழுதத் தயங்குபவர்கூட, எழுதியதைக் காட்டினால் ‘இது தப்பு, இப்படியில்லை’ என்று மளமளவெனத் திருத்துவார். எட்டுப் பக்க அகப்பக்கத்தில் உள்ளடக்கம் சேர்க்கவே இரண்டு மூன்று வாரம் போகும். உங்கள் கால அட்டவணையில் அதுவே மிக நீண்ட கட்டமாக இருக்கவேண்டும். அதற்கும் கூலி உண்டு என்று விலைமதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அசல் எழுத்து கையில் வந்ததும், எதையும் வண்ணமிடுமுன் இவற்றைப் பாருங்கள்.

தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்தில் ஐந்து மெனுச் சொல் ஒரே வரியில் நிற்கும் இடத்தில், ‘தொடர்புகொள்ள’, ‘மண்டபப் பதிவு’, ‘எங்களைப் பற்றி’ எல்லாம் சேர்ந்தால் இரண்டு வரியாகும். பக்கம் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தால் பொத்தானின் அகலத்தை மிக நீண்ட சொல்லை வைத்து முடிவு செய்யுங்கள், பெரும்பாலும் அது தமிழாக இருக்கும். 360 பிக்சல் அகலத் திரையில், தலைப்பில் வரும் மிக நீண்ட ஒற்றைச் சொல்லை வைத்துப் பாருங்கள். அது திரையைத் தாண்டினால் பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடும். சொல்லை உடைக்க நிரல்வழி உண்டு என்றாலும் சொல்லின் நடுவே உடைந்த தலைப்பு படிக்க அசிங்கம், எழுத்தளவைக் குறைப்பதே மேல்.

வரி இடைவெளி அடுத்தது. ‘கீ’, ‘ஸ்ரீ’ மேலே எழும், ‘கூ’, ‘மூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப்போல் 1.4 அல்லது 1.5 மடங்கு போதுமென்றால், தமிழுக்கு 1.7 வரை கொடுத்துப் பாருங்கள். பத்திகளில் வரும் சாதாரண எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே வேண்டாம். மிகத் தடித்த எழுத்தில் ‘ண’, ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும், நடுத்தரத் தடிமன் போதும். தமிழ் எழுத்துருவை நீங்களே குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு கைப்பேசியும் தன்னிடம் உள்ளதைப் போட்டுக்கொள்ளும், வரிகள் வேறு வேறாக மடங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது.

பழைய கோப்புகளில் கவனம் தேவை. தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் 1985லேயே பிறந்த நாடு இது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு வருவதற்கு முந்திய குறியீட்டு முறைகளில் தட்டச்சான விழா மலர்கள் இங்கே ஆலயங்களிலும் பள்ளிகளிலும் ஏராளம். அவற்றை ஒட்டினால் கிறுக்கலாக வரும். மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றியபின், ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கவேண்டும். ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியே இருக்கும். ‘ர்’ இருக்கவேண்டிய இடத்தில் துணைக்காலின்மேல் புள்ளி இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. பெயரையும் நேரத்தையும் சுவரொட்டிப் படமாகப் போடுவதும் அப்படித்தான்: தேடுபொறி அதைத் தமிழ் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பமுடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம்தான்.

‘அருவி’ முறை பழையது, ‘அஜைல்’தான் இப்போது என்கிறார்களே? எது நல்லது?
– கல்லூரி மாணவர், கோலகங்சார்

பெயரில் சிக்கிக்கொள்ளாதீர்கள். ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்கு இறங்குவது அருவி முறை, சிறு சிறு பகுதியாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போவது அஜைல். அருவி முறைக்கு மூலமென்று காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையே, ஒருமுறை மேலிருந்து கீழே ஓடி முடிக்கும் வழி ஆபத்தானது என்று எச்சரித்தது. முடிந்தால் இரண்டு முறை செய்யச் சொன்னது. அஜைல் அறிக்கையை 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் எழுதினார்கள். ஒரு பெரிய மென்பொருளை மாதக்கணக்கில் கட்டும் குழுக்களின் சிக்கல் அவர்கள் மனத்தில் இருந்தது. எட்டுப் பக்க அகப்பக்கத்துக்கு நடைமுறை எளிது. தேவை, உள்ளடக்கம், கோட்டு வரைவு ஆகிய மூன்றையும் வரிசையாக முடியுங்கள். பக்கங்களைக் கட்டும்போது வாரத்துக்கு ஒருமுறை, உண்மையான கைப்பேசியில் ஓடுகிற பக்கத்தைக் காட்டித் திருத்துங்கள்.

எங்கள் தமிழ்ப்பள்ளி அகப்பக்கத்தில் விளையாட்டுப் போட்டிப் படங்கள் 40 போட்டோம். தோட்டத்தில் உள்ள பெற்றோர் திறக்கவே முடியவில்லை என்கிறார்கள்.
– பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்

கைப்பேசி எடுக்கும் படம் 4,000 பிக்சல் அகலத்தில் மூன்று நான்கு எம்பி இருக்கும். 40 படம் என்றால் 160 எம்பி வரை ஆகிவிடும், ஒரு பெற்றோர் தம் டேட்டாவில் இறக்குவதற்கு அது கொடுமை. கைப்பேசித் திரைக்கு 1,200 பிக்சல் அகலமே தாராளம். அந்த அளவுக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற படவடிவத்தில் சேமித்தால் படம் 150 கேபி அளவில் அடங்கும், 40 படத்துக்கும் சேர்த்து ஆறு எம்பி. கண்ணுக்கு வரும்போது மட்டும் படம் இறங்கும்படி அமைத்தால் தொடக்கச் சுமை இன்னும் குறையும். ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை நிரலில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், படம் வந்து விழும்போது எழுத்து கீழே குதிக்கும், விரல் வேறெதையோ அழுத்திவிடும்.

கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும், தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வரவேண்டும் என்பது. பள்ளியின் வைஃபையில் இதைச் சோதிக்கவேண்டாம். தோட்டத்தில் நின்று, கைப்பேசி டேட்டாவில் திறந்து பாருங்கள்.

இதையெல்லாம் படம் போட்டபின் யோசிப்பதால்தான் சிக்கல். ‘ஒரு நிகழ்ச்சிக்கு 12 படம், ஒவ்வொன்றும் 200 கேபிக்குள்’ என்ற வரம்பை வடிவமைப்புக் கட்டத்திலேயே எழுதி, படம் ஏற்றும் ஆசிரியரிடம் தரவேண்டும். பிள்ளைகளின் படம் என்பதால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். படத்தின்கீழ் முழுப் பெயரும் வகுப்பும் போடாதீர்கள். படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கும், சுருக்கும்போதே அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

பயனர் சோதனை என்பது பெரிய நிறுவனங்கள் செய்வது. சிறு பட்டணத்தில் தையல் கடை நடத்தும் எனக்கு அது சாத்தியமா?
– தையல் கடை உரிமையாளர்

சாத்தியம் சகோதரி, செலவும் குறைவு. ஐந்து பேர் போதும். பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவரைச் சோதித்தால் சராசரியாக 31 விழுக்காடு குறைகள் தெரியும். இரண்டாமவர் அவற்றில் சிலவற்றை மறுபடி காட்டி, சிலவற்றைப் புதிதாகக் காட்டுவார். இப்படியே போனால் ஐந்து பேரில் சுமார் 85 விழுக்காடு வந்துவிடும். அதனால் 15 பேர் கிடைத்தால் ஒரே தடவையில் செலவழிக்காதீர்கள். ஐவரைச் சோதித்துத் திருத்தி, மீண்டும் ஐவரைச் சோதியுங்கள்.

யார் அந்த ஐவர் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உங்கள் பிள்ளையும் தங்கையும் வேண்டாம், அவர்கள் உங்கள் கடையை ஏற்கெனவே அறிந்தவர்கள். ரவிக்கை தைக்க வரும் வாடிக்கையாளர் இருவர், உங்கள் கடைக்கு இதுவரை வராத இருவர், மூக்குக்கண்ணாடி போடும் வயதில் ஒருவர். அவரவர் கைப்பேசியையே பயன்படுத்தட்டும். பெரியவர்கள் கைப்பேசி அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அங்கேதான் பொத்தான் எழுத்து வெட்டுப்படும்.

பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே யாரும் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார்கள். வேலை கொடுங்கள்: ‘அடுத்த மாதம் 14ஆம் தேதி உங்கள் அக்காள் மகளுக்குச் சடங்கு. ஆரி வேலை வைத்த ரவிக்கை வேண்டும். அதற்குள் கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடியுங்கள்.’ பக்கத்தில் உள்ள மெனுச் சொல்லை உங்கள் வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடாது, சொன்னால் அதையே தேடி அழுத்துவார். பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் திணறும்போது உதவத் துடிக்கும், ஆனாலும் ஒரு நிமிடமாவது பேசாமல் இருங்கள். திணறும் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அவரை அழைத்திருக்கிறீர்கள். மனத்தில் நினைப்பதைச் சத்தமாகச் சொல்லும்படி மட்டும் தொடக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டில் நான்கு பத்தி: கொடுத்த வேலை, முடித்தாரா, எங்கே நின்றார், என்ன சொன்னார். இருவர் ஒரே இடத்தில் நின்றால் அதை வெளியீட்டுக்கு முன் திருத்தியே ஆகவேண்டும். ஒருவர்தான் நின்றார், ஆனால் எழுதிய படிவம் அழிந்துபோய் அவரால் தொடரவே முடியவில்லை என்றால் அதுவும் அப்படியே. ‘ரோசா நிறம் நன்றாயிருக்கும்’ போன்ற கருத்துகளை மரியாதையாகக் கேட்டு எழுதிவைத்து, ஒதுக்கிவையுங்கள்.

கடைக்கு வெளியே வெயிலில் ஒருமுறை திறந்து பாருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து அங்கே மறைந்துவிடும். பார்வைக் குறை உள்ளவர் உட்பட எல்லாரும் பக்கத்தைப் பயன்படுத்த வகுத்த வலை அணுகல் வழிகாட்டி நெறிகளின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே மாறுபாடு 4.5க்கு 1 என்ற அளவாவது இருக்கவேண்டும். 2023இல் வந்த 2.2ஆம் பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரம் இருக்கச் சொல்கிறது. விரலுக்கு வசதியாக வேண்டுமென்றால் 44 வையுங்கள். வாட்ஸ்அப் பொத்தானையும் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அழுத்திப் பாருங்கள். இணைப்பில் எண் 60 என்று நாட்டுக் குறியோடு தொடங்கவேண்டும். கூட்டல் குறியும் இடைவெளியும் கூடாது, 60க்குப் பின் பூஜ்யமும் வரக்கூடாது. அழகாகச் செய்த பக்கத்தில் இந்த ஒரு பூஜ்யத்தால் ஆர்டர் வராமலே போகும்.

கோட்டு வரைவு நிலையிலேயே முதல் ஐவரை அழைத்துவிடலாம். தாளில் வரைந்த ‘பொத்தானை’ விரலால் தொடச் சொல்லி, அடுத்த தாளை நீங்கள் வைத்தால் போதும். அப்போது திருத்த வேண்டியது ஒரு தாளை மட்டும்.

பணம் எப்படிக் கொடுப்பது? முழுவதும் முன்பணமாகக் கேட்கிறார். திருத்தம் எத்தனை முறை கேட்கலாம்?
– இரும்புக்கடை உரிமையாளர்

முழுவதும் முன்னே கொடுத்தால் உங்கள் பிடி போய்விடும், முழுவதும் பின்னே என்றால் அவர் பிழைப்பு போய்விடும். கட்டத்தோடு பணத்தைக் கட்டுங்கள்: தேவைத் தாள் ஒப்புக்கொண்டதும் 30 விழுக்காடு, கோட்டு வரைவும் உள்ளடக்கமும் முடிந்ததும் 30, பக்கம் சோதனைக்குத் தயாரானதும் 30, ஒப்படைப்பு முடிந்ததும் 10. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சுற்றுத் திருத்தம் நியாயம். ஒப்புக்கொண்ட கட்டத்துக்குத் திரும்பிப் போகக் கேட்டால் தனிக் கூலி. பக்கம் கட்டியபின் ‘பொருள் பட்டியலை வகைப்படி இல்லாமல் நிறுவனப்படி பிரியுங்கள்’ என்று நீங்கள் சொன்னால், அது அவருக்குப் புது வேலை. இதை இரு தரப்பும் முதல் தாளிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பழைய அகப்பக்கத்தைச் செய்தவர் தொடர்பில் இல்லை. புதிதாகச் செய்யப்போகிறோம். எதைக் கவனிக்கவேண்டும்?
– கூட்டுறவுச் சங்க உறுப்பினர்

முதலில் முகவரிப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். டாட் மை (.my) என்று முடியும் முகவரிகளை மைநிக் (MYNIC) என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. பதிவு சங்கத்தின் பெயரிலும், தொடர்பு மின்னஞ்சல் சங்கத்தின் பொது மின்னஞ்சலாகவும் இருக்கவேண்டும். பழைய வடிவமைப்பாளரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியாமலே முகவரி காலாவதியாகும். இதைச் சரிசெய்ய நாளாகும், ஆகவே மற்ற வேலைக்கு முன் தொடங்குங்கள்.

பழைய பக்கங்கள் அத்தனையையும் ஒரு அட்டவணையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘வைக்க, திருத்த, நீக்க’ என்று ஒன்றைக் குறியுங்கள். வைக்கும் பக்கத்தின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றம் வேண்டும், அதன் எண் 301. இதை மறந்தால், பழைய சுற்றறிக்கைகளில் அச்சான இணைப்பும் கூகுளில் உள்ள இணைப்பும் ‘பக்கம் இல்லை’ என்று வரும்.

இம்முறை கடைசி 10 விழுக்காட்டைக் கொடுக்குமுன் உங்கள் கையில் இவை வந்திருக்கவேண்டும்: முகவரிப் பதிவு, இணைய இடம், நிர்வாகி ஆகிய மூன்று கணக்கின் கடவுச்சொற்கள், எழுத்துருவும் படங்களும் பயன்படுத்தும் உரிமை விவரம், அகப்பக்கம் அழிந்தால் மீட்க உதவும் முழுப் படிநகல், அதைத் திரும்ப ஏற்றும் முறை எழுதிய ஒரு பக்கம். படிநகல் இருக்கிறது என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள், உங்கள் முன்னிலையில் ஒருமுறை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு சங்கத்தின் எழுத்தர் ஒருவரை உட்காரவைத்து, வடிவமைப்பாளர் விசைப்பலகையைத் தொடாமல், ஓர் அறிவிப்பை அவரே ஏற்றி அவரே நீக்கட்டும். கையேடு வைத்தும் அவரால் முடியவில்லை என்றால் கையேட்டைத் திருத்தித் தரும் பொறுப்பு வடிவமைப்பாளருடையது. அந்த 10 விழுக்காடு அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.